சாவிக்கு நீளும் கை

மகாக் தன் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பைக் டாக்ஸி ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அங்கே இருந்த அத்தனை பேருடைய கையும் வண்டிச் சாவிக்குப் போனது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. கலிஸ்டோ ஒரு கையில் சப்பாத்தி வைத்திருந்தான், மறு கை தன்னால் சாவியை மூடிக்கொண்டது. நானும் அப்படித்தான். பல வருஷமாக மகாக் டிராஃபிக் போலீஸாக வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கரும்பு ரோடு திருப்பத்தில் நின்றவன். வண்டி நிற்பதற்குள் பக்கவாட்டில் வந்து சாவியை உருவிவிடுவான். அதற்கப்புறம்தான் பேச்சே. மாலையில் அவன் நடந்து போனால் கால்சட்டைப் பையில் எங்கள் சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்கும்.

இப்போது தொப்பி இல்லை. கட்டம் போட்ட சட்டை, அதன்மேல் இரவில் மின்னும் புதுப் பச்சை ஜாக்கெட், கண்ணாடியில் ஒட்டிய தாளைக்கூட உரிக்காத புது ஹெல்மெட். காலில் மட்டும் பழைய போலீஸ் பூட்ஸ், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ். வண்டி சிவப்பு. தொப்பை பெட்ரோல் டாங்க்கில் இடிக்க இடிக்க மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அஃபாண்டே," என்றான் கலிஸ்டோ. போலீஸ்காரனை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அழைப்போம், பயந்துகொண்டு. அன்றைக்கு அவன் குரலில் பயம் இல்லை. "பெட்ரோல் போட்டா அதுவே ஓடும். தள்ளிக்கிட்டே சவாரி ஏத்த முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். மகாக் ஸ்டாண்டைப் போட்டு வண்டியை நிறுத்தினான். அது சாயப் பார்த்தது, பிடித்துக்கொண்டான். "வேலைய விட்டுட்டேன். இனிமே இங்கதான் ஓட்டப் போறேன்," என்றான்.

விட்டானாம். வேலைதான் அவனை விட்டது. லஞ்ச விசாரணை வந்தபோது மேலே இருந்தவர்கள் தங்கள் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கீழே இருந்த நாலைந்து பேரைத் தூக்கிப் போட்டார்கள், அதில் இவனும் போனான். சேதி வந்த அன்றைக்குக் கலிஸ்டோ ஸ்டாண்டு முழுவதற்கும் சோடா வாங்கிக் கொடுத்தான். நான் இரண்டு குடித்தேன்.

அவனை விரட்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் எங்கள் விதியே குறுக்கே வந்து நின்றது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவனாக இருக்க வேண்டும், வண்டி சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அதைத் தானே ஓட்ட வேண்டும். அப்படி ஒருவன் வந்தால் மறுக்கக் கூடாது. எங்கள் தலைவர் ஓகுடா கொண்டுவந்த விதி அது. போலீஸ்காரர்கள் வரிசையாக வண்டி வாங்கி ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த வண்டிகள் இங்கே நிற்கக் கூடாது என்பதற்காகவே போட்டது. இப்போது போலீஸ்காரனே சொந்த வண்டியோடு அதே விதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

ஓகுடா பல்லில் வைத்திருந்த குச்சியை எடுத்தார். "விதின்னா விதிதான். ஒக்காரட்டும். ஆனா இந்தாளுக்கு ஓட்டத் தெரியலயே."

"லைசன்ஸ் இருக்கு," என்றான் மகாக்.

"அதத்தான் நானும் சொல்றேன். லைசன்ஸ் இருக்கு, ஓட்டத் தெரியல." சுற்றிப் பார்த்து என்னிடம் வந்து நின்றார். "ரிஸ்பா கத்துக் குடுப்பா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்னைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். மகாக்குக்கும் தெரியும். அவன் ஹெல்மெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஓட்டுவது என் புருஷன் ஓபியெரோவின் வண்டி. மூன்று வருஷத்துக்கு முன் சந்தை வளைவில் ஒரு நீளமான சாம்பல் நிறக் கார் அவனை அடித்துப் போட்டது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விழுந்தால் விழுந்தவனோ, முதலில் பார்த்தவனோ ஹாரனை மூன்று முறை நீளமாக அழுத்த வேண்டும். காதில் விழுந்த எல்லோரும் சவாரியை இருந்த இடத்தில் இறக்கிவிட்டு வந்து, அடித்த காரைச் சுற்றி வட்டம் போடுவோம். வட்டம் போட்டதும் என்ஜினை அணைத்துச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொள்வோம். சாவி கையில் இருந்தால் யாரும் நகரப் போவதில்லை என்று அர்த்தம். கார்க்காரனை அடிக்க மாட்டோம். எப்போதாவது ஒரு பக்கக் கண்ணாடி உடையும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு என்ன, வண்டிக்கு என்ன, வீட்டில் அடுப்பு எரிய என்ன என்று அவன் இறங்கிப் பேசும்வரை நிற்போம். இன்சூரன்ஸ்காரன் வருவதற்குள் காயம் ஆறிப் பேரப்பிள்ளையும் பிறந்துவிடும். ஹாரன் சத்தத்துக்கு ஆள் உடனே வரும்.

அன்றைக்கும் வந்தார்கள். நான் சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் மகாக் ஜீப்பில் ஆட்களோடு வந்திருந்தான். தடி, கண்ணீர்ப் புகை எல்லாம். "சட்டவிரோதக் கூட்டம்" என்று கத்தினான். வட்டம் உடைந்தது. அவன் ஒரு கையை உயர்த்தி மற்ற வண்டிகளை நிறுத்தி, மறு கையால் அந்தக் காருக்கு வழி காட்டினான். போங்க, போங்க. கார் போனது. அப்புறம் குனிந்து, விழுந்து கிடந்த எங்கள் வண்டியிலிருந்து சாவியை உருவினான். அந்தப் புகையில்தான் ஓபியெரோவும் கிடந்தான், எழுந்து ஓட முடியாமல். இப்போது அவன் முழங்கால் மடங்காது. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ரேடியோவோடு சண்டை போடுகிறான். வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்தது. மீட்கப் போனபோது சீட்டுக்கடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியை யாராவது ஓட்டித்தான் ஆக வேண்டும், நான் ஓட்டினேன்.

அப்படிப்பட்ட ஆளுக்கு நான் ஓட்டக் கற்றுக் கொடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் என் முன்னால் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தான். பூட்ஸ் பளபளத்தது.

"லைசன்ஸ் எப்படி வாங்கின?" என்று கேட்டேன். அவனை 'நீ' என்று சொல்வது அதுவே முதல் தடவை. ரோட்டோரத்தில் எத்தனை 'ஐயா' போட்டிருப்பேன். வாய் கொஞ்சம் இனித்தது.

"டிரைவிங் ஸ்கூல்ல. மாதிரி ஊர்ப் பலகையில நூத்துக்கு நூறு." மேஜைமேல் ஒரு பலகை, அதில் ரோடு, ரவுண்டானா எல்லாம் வரைந்திருக்கும். பொம்மைக் காரை விரலால் தள்ளிக் காட்டினால் பாஸ். வண்டி ஓட்டிக் காட்ட வேண்டிய பரீட்சையை இவன் எப்படித் தாண்டினான் என்று நான் கேட்கவில்லை. பரீட்சை வைக்கிறவர்களும் சீருடைக்காரர்கள்தானே.

"அந்தப் பலகையில மாடு குறுக்க வந்துச்சா?"

"இல்ல."

"மழ பெஞ்சுச்சா? பின்னாடி ஒக்காந்த பொம்பள கைப்பைய எடுக்க ஒரு பக்கம் சாஞ்சாளா?"

ஏறி உட்கார்ந்தான். கிளட்ச்சை விட்டான், வண்டி எகிறி நின்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நாலாவது தடவை வண்டியும் அவனும் தனித்தனியாக விழுந்தார்கள். நான் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். தூக்கிவிடப் போகவில்லை.

"கிளட்ச்ச மெதுவா விடு. ஆளோட சட்டக் காலரப் புடிச்ச மாதிரி புடிக்காத," என்றேன்.

ஒழுங்காகத்தான் கற்றுக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. எங்கே போக வேண்டுமோ அங்கே பார், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவாய். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, செம்மண் சரளையில் முன் பிரேக்கைத் தொடாதே. மீன் லாரி போன ரோட்டில் தண்ணீர் சொட்டியிருக்கும், அங்கே வளையாதே. ஆட்டுக்கு ஹாரன் அடிக்கலாம், கழுதைக்கு அடிக்காதே, அது அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் திட்டோடு சேர்த்துச் சொன்னேன். அவன் தலையாட்டினான். கேட்டுக்கொள்கிற பழக்கம் இல்லாத ஆள், தாடை இறுகியிருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் வந்தான், அதற்கடுத்த ஞாயிறும்.

ஒருநாள் நடுவில் நிறுத்தி கோல் கம்ப நிழலில் உட்கார்ந்தோம். அவன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தான், எனக்குத் தரவில்லை. தந்தாலும் குடித்திருக்க மாட்டேன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இன்சூரன்ஸை எடுத்துக் காட்டினான்.

"பாத்துக்க. சவாரி ஏத்துற வண்டிக்கான இன்சூரன்ஸ். உங்கள்ல பாதிப் பேரு வெல கம்மின்னு சொந்த உபயோக இன்சூரன்ஸ எடுத்துட்டு சவாரி ஏத்துறீங்க. விழுந்தா பின்னாடி இருக்கறவனுக்கு ஒரு ஷில்லிங்கூட வராது. கம்பெனிக்காரன் கையக் கழுவிடுவான். உன் புருஷன்கிட்டயும் அதான் இருந்துச்சு. நான்தான் பாத்தேனே."

"ஓபியெரோ அன்னைக்குக் காலி வண்டிதான் ஓட்டிட்டு வந்தான்."

"இருந்தாலும் தப்புத் தப்புதான்."

"அந்தக் கார்க்காரன்கிட்ட இன்சூரன்ஸ் கேட்டியா?"

டீயை ஊதினான்.

"கேக்கறேன்ல? அடிச்சவன் அவன். அவனோடத கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேக்கற மாதிரி கார் இல்ல அது," என்றான். சாதாரணமாகச் சொன்னான், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல. மன்னிப்பு இல்லை, வெட்கம்கூட இல்லை. பிளாஸ்க்கை மூடினான். அவனை அங்கேயே அந்தக் கம்பத்தில் கட்டிப்போட்டு வந்திருக்க வேண்டும். "ஏறு. ரவுண்டு போடு," என்றேன்.

ஸ்டாண்டில் அவன் உட்கார ஆரம்பித்த பிறகு வேடிக்கை கூடியது. ஹேண்டில் பாரில் போன் மாட்டும் தாங்கி ஒன்று பொருத்திக்கொண்டு வந்தான், மழை உறையோடு. ஒரு காதில் ஒயர். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வழி சொல்லும். பிறந்து வளர்ந்த ஊரில் வழி கேட்டு ஓட்டுகிற ஆளை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கலிஸ்டோ அந்தக் குரலுக்கு 'அஃபாண்டேவின் ரெண்டாம் பொண்டாட்டி' என்று பெயர் வைத்தான். "அண்ணி என்ன சொல்றாங்க? லெஃப்டா, ரைட்டா?" என்று தினமும் கேட்பான். எங்கள் சவாரிகள் வழி சொல்வது வேறு மாதிரி. முன்னால் மாவு மில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், மொம்பாசாவுக்குப் போனவன் வீட்டுக்குப் பின்னால், அந்தப் பெரிய அத்தி மரம், இப்போது வெட்டிவிட்டார்கள். இது எதுவும் அவன் ரெண்டாம் பொண்டாட்டிக்குத் தெரியாது. ஏரிப் பக்கம் ஒருமுறை அவனைக் கொண்டுபோய்க் கோரைச் சதுப்பில் விட்டாள். முழங்கால்வரை சேற்றோடு வந்தான். பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீர் கொட்டியது. ஸ்டாண்டே கைதட்டியது.

ஆனால் கைதட்டல் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புது அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்கள் போனிலேயே இடத்தைக் குறித்து அனுப்புகிறவர்கள், மாவு மில்லும் தெரியாது, மொம்பாசாக்காரனும் தெரியாது. பெண்களும் வந்தார்கள். பின்னல் கலையும், யார் யார் தலையிலோ இருந்தது என்று எங்கள் ஹெல்மெட்டைத் தொடாதவர்களுக்கு அவன் உள்ளே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய காகிதத் தொப்பி கொடுத்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார்கள். எங்கள் வயிறு எரிந்தது. ஒருநாள் போன் தாங்கியின் திருகை யாரோ தளர்த்திவிட்டார்கள். முதல் வேகத்தடையிலேயே போன் பறந்து சாக்கடையில் விழுந்தது. நான் செய்யவில்லை. செய்திருந்தால் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். அவன் புகார் சொல்லவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. வேறு போனோடு வந்தான், டியூப் ரப்பரைக் கிழித்து அதை இறுக்கிக் கட்டினான்.

"போன அங்க வெச்சா கண்ணு அதுலதான் இருக்கும். ரோட்ட யாரு பாப்பா? கீழ எறக்கிக் கட்டு, காதால கேளு," என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். கீழே இறக்கிக் கட்டினான்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அவன் நின்ற அதே கரும்பு ரோடு திருப்பத்தில் வலது பக்கம் திரும்பும்போது கையைக் காட்டினால் மட்டும் போதாது. பின்னால் சரிவில் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு இறங்கும், கையை யாரும் மதிக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தி, தோளுக்குமேல் திரும்பிப் பார்த்து, எல்லாம் போன பிறகே கடப்போம். அவன் புத்தகத்தில் இருந்தபடி வலது கையை விறைப்பாக நீட்டிவிட்டு நேரே திருப்புவான். அந்தக் கைக்குப் பின்னால் இன்னும் அரசாங்கம் நிற்பதாக நினைப்பு. நான் இரண்டு தடவை பார்த்தேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவனைப் பெற்றவளா நான்?

அவனுக்கு ஒரு கவலை இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் வண்டியைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டான். "நான் விழுந்தா வருவீங்களா?"

ஓகுடா பல்குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றினார். "உங்ககிட்டதான் நல்ல இன்சூரன்ஸ் இருக்கே அஃபாண்டே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அடுத்த நாள் வண்டிக்குப் புது ஹாரன் போட்டுக்கொண்டு வந்தான், ஜீப்பில் வைக்கிற சைரன்போல ஊளையிடுகிற ஒன்று. அடித்தால் ஏரி வரைக்கும் கேட்கும். எதற்காகப் போட்டான் என்று எல்லோருக்கும் புரிந்தது. அதைக் கேட்டால் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது யார் என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் நான் ஒரு நர்ஸை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கரும்பு ரோடு திருப்பத்தில் ரோடு முழுக்க வெள்ளியாக மின்னியது. ஒமெனா. காயவைத்த பொடிமீன் மூட்டை வெடித்துச் சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவில் சிவப்பு வண்டி, பக்கத்தில் மகாக். அவன் வலது கை தோளிலிருந்து திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீட்டிய கையையே கார் கொண்டுபோயிருக்கிறது. காதிலிருந்து கழன்று தொங்கிய ஒயரில் அந்தப் பெண் இன்னும் வலப் பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உயரமான வெள்ளைக் கார். அதற்குச் சொந்தக்காரன் இறங்கி நின்று விளக்கில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கோட்டு, நல்ல ஷூ. ஒமெனாமேல் கால் படாமல் நின்றான்.

"கை காட்டிட்டா போதுமா? திரும்பிப் பாக்க வேணாமா?" என்றான் மகாக்கிடம்.

"நம்பர் குடுங்க. உங்க இன்சூரன்ஸ் விவரம் குடுங்க," என்றான் மகாக். வலியில் பல் கிட்டியிருந்தது, ஆனால் குரலில் இன்னும் அதே தோரணை.

"உன்கிட்ட இன்சூரன்ஸ் இல்லயா?"

"இருக்கு. அது அடுத்தவங்களுக்கு. எனக்கு அடிபட்டா உங்களோடதுதான் குடுக்கணும்."

"அட, சட்டமெல்லாம் பேசறான். அப்ப போலீஸக் கூப்பிடு."

"நான் போலீஸ்."

அந்த ஆள் முதல் தடவையாக அவனை முழுசாகப் பார்த்தான். மீன், சேறு, பச்சை ஜாக்கெட். "போலீஸா? இந்தச் சட்டையிலயா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கக்கூட நேரமில்லாதவனாகக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். என்ஜின் கிளம்பியது.

எனக்கு மகாக்மேல் இரக்கம் வந்தது என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் கார் கிளம்பிய சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அடித்துவிட்டுப் போகிற காரின் பின்பக்கத்தை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. வண்டியைக் கொண்டுபோய்க் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை.

கார்க்காரன் ஹாரனை அடித்தான். "ஏய், எடு வண்டிய!"

நான் மகாக்கைப் பார்த்தேன். "அழுத்து."

"என்ன?"

"ஹாரன. உன் கையால அழுத்து. உனக்காக நான் அழுத்த மாட்டேன்."

அவனுக்குப் புரிந்தது. இதே சத்தத்துக்காக எத்தனை பேரை லாக்கப்பில் தள்ளியிருப்பான். என்னையே பார்த்தான். அப்புறம் இடது முழங்கையை ஊன்றி ஒமெனாவுக்குள் நகர ஆரம்பித்தான். பக்கம்தான், ஆனால் நேரம் பிடித்தது. அவன் முனகியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஹேண்டில் பாரின் இடது பக்கத்தை எட்டிப் பிடித்துக் கட்டைவிரலை வைத்தான்.

ஊளை கிளம்பியது. நீளமாக ஒன்று. நீளமாக இன்னொன்று. மூன்றாவதற்குப் பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை, எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தவனைப் போல அழுத்திக்கொண்டே இருந்தான். ரோட்டோரக் கடைக்காரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் வரவில்லை. எந்த ஹாரன் என்று தெரிந்து, தெரிந்ததனாலேயே வராமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகாக்கும் அதையேதான் நினைத்தான், முகத்தில் தெரிந்தது. சத்தம் கம்மிக்கொண்டே போனது.

முதலில் கலிஸ்டோ வந்தான். சவாரியைக்கூட இறக்கவில்லை, பின்னால் சேவலை அணைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பின்னால் ஓகுடா, அவருக்குப் பின்னால் சந்தைப் பக்கத்திலிருந்தும் ரயில் பாதைப் பக்கத்திலிருந்தும் மற்றவர்கள். பழக்கத்தில் காரைச் சுற்றி வட்டம் போட்டார்கள். போட்ட பிறகுதான் கீழே கிடப்பவனைப் பார்த்தார்கள். ஒருவரும் என்ஜினை அணைக்கவில்லை. அத்தனை வண்டியும் உறுமிக்கொண்டு நின்றது.

ஓகுடா இறங்கி, ஒமெனாவை மிதித்துக்கொண்டு மகாக்கிடம் போனார். முதுகை நிமிர்த்தி, தொப்பையை முன்னால் தள்ளி, உள்ளங்கையை நீட்டினார். "இன்சூரன்ஸ் எங்க?"

மகாக்கின் குரலேதான். அப்படியே இருந்தது. வட்டம் வெடித்துச் சிரித்தது.

"முதலுதவிப் பெட்டி எங்க?" என்று கத்தினான் கலிஸ்டோ. "தீயணைக்கிற டப்பா எங்க? அண்ணியோட லைசன்ஸ் எங்க?" சேவல் வைத்திருந்த பெண்கூடச் சிரித்தாள்.

மகாக்குக்கு அது கேலி என்று தெரியவில்லையா, தெரிந்தும்தான் செய்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹாரனிலிருந்து விரலை எடுத்தான். இடது கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுத் துழாவி அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தான். ஓகுடாவிடம் நீட்டினான். ஓகுடா வாங்கவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. உறை சரிந்து மீனில் விழுந்தது, அவன் அதை எடுக்கவில்லை.

ஓகுடா என்னிடம் வந்தார். "ரிஸ்பா. ஓபியெரோவுக்கு இவன் பண்ணினது எங்க எல்லாருக்கும் தெரியும். உன் இஷ்டம். நீ வண்டிய எடுன்னா நாங்களும் கெளம்பறோம். யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. "ஆமா, எடுத்துட்டுப் போங்க," என்றான் அந்த ஆள். கையை வெளியே நீட்டி விரல்களை அசைத்தான். போங்க, போங்க.

எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன். என் என்ஜின் நின்றது. அத்தனை உறுமலுக்கு நடுவில் ஒரு வண்டி நின்றால் யாருக்குக் கேட்கப் போகிறது, ஆனால் மகாக் தலையைத் தூக்கினான். சாவியை உருவி இறங்கினேன்.

அவன் இடது கையை என்னை நோக்கி நீட்டினான், உள்ளங்கை மேலே தெரிய. எழுப்பிவிடச் சொல்கிறானா, பழக்கத்தில் சாவியைக் கேட்கிறானா, தெரியவில்லை. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். என் சாவி அதில் கிடந்திருக்கிறது, ஓபியெரோவின் சாவி கிடந்திருக்கிறது. இப்போது மீன் செதிலும் கொஞ்சம் ரத்தமும் ஒட்டியிருந்தன. நான் சாவியை விரல்களுக்குள் இறுக்கி மூடிக்கொண்டு அவன் கைக்கு முன்னால் நின்றேன்.

எனக்குப் பின்னால் எங்கோ ஓர் என்ஜின் நின்றது. யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.